பசியாறும் வேளை



காலை உணவுக்கு நம் இல்லங்களில் வழங்கும் சொல் 'பசியாறல்' என்பதாகும். காயல்பட்டினமாயினும் நாகூராயினும், காலையில் வந்த விருந்தாளியிடம் "பசியாறியாயிற்றா?" என்று கேட்பதே வழக்கம். இரவு முழுவதும் வெறுமையாய்க் கிடந்த வயிற்றின் பசி தணிகிறது என்பதே அச்சொல்லின் பொருள். மற்ற மொழியினரும் இவ்வாறே எண்ணியிருக்கின்றனர். ஆங்கிலத்தின் 'பிரேக்ஃபாஸ்ட்' என்பதற்குப் பட்டினியை முறித்தல் என்று பொருள். ஸ்பெயின் நாட்டாரின் 'தெசாயுனோ' என்பதற்கும் அதே பொருள்தான். அரபு நாட்டு உணவு விடுதிகளில் ஆண்டு முழுவதும் காலையில் பரிமாறப்படும் உணவுக்கு 'ஃபதூர்' என்று பெயர். நாம் ரமளானில் மட்டும் வழங்கும் 'இஃப்தார்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததேயாகும்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. இரவு உணவைக் குறிக்க இன்று நாம் வழங்கும் 'டின்னர்' என்ற சொல்லும், பட்டினியை முறித்தல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததுதான். அன்றைய நாளின் முதல் பெரும் உணவுக்கு இட்ட பெயர், வேளை நகர நகரத் தானும் நகர்ந்து, இன்று இரவில் வந்து நிற்கிறது. உணவின் பெயரே இப்படி இடம் மாறுமாயின், உணவின் வேளை மட்டும் மாறாதிருந்திருக்குமா?

இவ்வினாவை எழுப்பக் காரணம் உண்டு. சகோதரி ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்கு ஐம்பது வயது. எட்டு ஆண்டுகளாக நீரிழிவு நோய். 'காலை உணவு என்பதே கம்பெனிகள் கட்டிய கதை. அதை விட்டுவிட்டால் சர்க்கரை நோய் ஓடிவிடும்' என்று கைப்பேசியில் யாரோ பேசியதைக் கேட்டு, இரண்டு மாதங்களாக அவர் காலையில் எதுவும் உண்பதில்லை. ஆனால் மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கிவிட்டுக் கடைக்குச் செல்கிறார். இருமுறை கடையிலேயே வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டாராம். "நோன்பு நோற்கும் சமுதாயம்தானே நாம், ஒரு வேளை உண்ணாதிருந்தால் என்ன ஆகிவிடும் என்கிறார். நான் என்ன சொல்வது?" என்று அச்சகோதரி கேட்கிறார்.

கணவரின் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்தும் அந்தப் பாதி உண்மையிலிருந்தே பிறக்கிறது. ஆகவே வரலாற்றை முதலில் பார்த்துவிட்டு, பிறகு மருத்துவத்துக்கு வருவோம்.

முன்னோர் உண்ட முறை

பண்டைய ரோமாபுரியினர் காலையில் ரொட்டித் துண்டு போன்ற எளிய பண்டத்தைக் கொறிப்பர். பலர் அதுவுமின்றி இருப்பர். அவர்களுடைய பேருணவு பிற்பகலிலேதான். இடைக்கால ஐரோப்பாவில் நண்பகலில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இருவேளை உணவே முறையாகக் கருதப்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கிறித்தவப் பேரறிஞர் தாமஸ் அக்குவைனஸ், பெருந்தீனியின் வகைகளை எண்ணும்போது, உரிய வேளைக்கு முன்பே உண்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். ஆயினும் உழைப்பாளிகள், குழந்தைகள், முதியோர், நோயாளிகள் ஆகியோர் காலையில் உண்பதை எவரும் குறை கூறவில்லை. உடலின் தேவை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்ற அறிவு அன்றே இருந்திருக்கிறது.

நம் உழவர்கள் விடியலில் நீராகாரமோ பழையதோ அருந்திவிட்டு வயலுக்குச் சென்றனர். உச்சிவேளை வரை ஏர் பிடிக்க வேண்டிய கைகளுக்கு அது தேவைப்பட்டது. காப்பியும் தேநீரும் அவ்விடத்தைப் பிடித்தது அண்மைக் காலத்தில்தான். 'டிபன்' என்பதோ, ஆங்கிலேயர் இந்தியாவில் தம்முடைய பகல் நேரச் சிறு உணவுக்கு இட்ட பெயர். அதை நாம் இட்லிக்கும் தோசைக்கும் சூட்டிக்கொண்டோம்.

அரபகத்திலும் காலை உணவு உண்டு. திருக்குர்ஆனின் 'அல்கஹ்ஃபு' அத்தியாயத்தில், பயணக் களைப்புற்ற மூஸா (அலை) அவர்கள் தம் உதவியாளரிடம் உணவு கொண்டுவருமாறு கேட்கும் இடத்தில் வரும் சொல் 'ஃகதாஉ' என்பதாகும். முற்பகலில் உண்ணும் உணவையே அது குறித்தது. இன்றைய அரபியில் அதே சொல் மதிய உணவைக் குறிக்கிறது. இங்கும் பெயர் இடம் பெயர்ந்திருக்கிறது!

நபி (ஸல்) அவர்களின் இல்லத்துக் காலைப்பொழுது எப்படி இருந்தது என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் காணப்படுகிறது. வீட்டில் உண்ண ஏதேனும் உண்டா என்று நபியவர்கள் கேட்பார்கள். இல்லை என்று தெரிந்தால், அன்று தாம் நோன்பு நோற்பதாகக் கூறிவிடுவார்கள். உணவு கிடைத்தால் நன்றியோடு உண்டார்கள். கிடைக்காதபோது அந்தப் பகலையே வணக்கமாக்கிக்கொண்டார்கள். காலை உணவைக் கட்டாயமாக்கவும் இல்லை. அதை வெறுக்கவும் இல்லை.

விளம்பரம் சூட்டிய மகுடம்

அப்படியானால், நாளின் உணவுகளுள் காலை உணவே தலையாயது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 'பேட்டில் கிரீக்' என்றொரு நகரம். அங்கே டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் என்பவர் ஒரு நலவாழ்வு மருத்துவமனையை நடத்திவந்தார். புலால் மறுத்தவர், எளிதில் செரிக்கும் தானிய உணவை நோயாளிகளுக்கு வழங்க விரும்பியவர். 1894இல் வேகவைத்த கோதுமையை உருளைகளுக்கிடையே அழுத்தி வறுத்தபோது மெல்லிய செதில்கள் கிடைத்தன. பின்னர் சோளத்திலும் அவ்வாறே செய்தனர். அவருடைய தம்பி வில் கீத் கெல்லாக், 1906இல் அதை விற்பதற்கென்றே தனி நிறுவனம் தொடங்கினார். அதே மருத்துவமனையில் நோயாளியாகத் தங்கியிருந்த சி.டபிள்யூ. போஸ்ட் என்பவரும் போட்டியாக ஒரு தானிய உணவுத் தொழிலை நிறுவினார்.

டாக்டர் கெல்லாக் ஆசிரியராயிருந்த 'குட் ஹெல்த்' என்னும் இதழில், 1917இல், லென்னா கூப்பர் என்ற உணவியல் அம்மையார், பல வகையில் காலை உணவே நாளின் மிக முக்கியமான உணவு என்னும் கருத்தை எழுதினார். தானியச் செதிலைப் படைத்தவரின் இதழிலேயே இக்கருத்து வெளிவந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1920களில் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர வல்லுநர், பன்றி இறைச்சி விற்ற ஒரு நிறுவனத்துக்காகப் பணியாற்றினார். காலையில் வயிறார உண்பது நல்லதா, சிறிதளவு உண்பது நல்லதா என்று ஒரு மருத்துவர் மூலம் ஆயிரக்கணக்கான மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதச் செய்தார். வயிறார உண்பதே நல்லது என்று பெரும்பாலோர் விடையளித்தனர். அதனைச் செய்தித்தாள்களில் வெளியிட்டு, வயிறார உண்பதென்றால் பன்றி இறைச்சியும் முட்டையும் என்று மக்கள் மனத்தில் பதியவைத்தார். பொருளை விற்க முதலில் பழக்கத்தை விற்க வேண்டும் என்ற தந்திரம் இது.

இதே வணிகம் 1994இல் நம் நாட்டுக்கும் வந்தது. கெல்லாக் நிறுவனம் இந்தியாவில் கடை விரித்தபோது, நம் மக்கள் வழக்கப்படி சூடான பாலை ஊற்றினர். மொறுமொறுப்பான செதில்கள் கூழாகிவிட்டன. இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் பழகிய நாவை வெல்ல அந்நிறுவனம் பெரிதும் பாடுபட வேண்டியிருந்தது.

ஆக, காலை உணவுக்கு மகுடம் சூட்டியதில் வணிகத்துக்குப் பெரும் பங்குண்டு. அந்தச் சகோதரியின் கணவர் சொன்னதில் உண்மையான பாதி இதுவே.

இப்போது வந்திருக்கும் மோகம்

மறு பாதிக்கு வருவோம். 'இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்' என்று இன்று பேசப்படும் முறையை 'இடைவேளைப் பட்டினி' என்று நாம் அழைப்போம். நோன்பு என்ற சொல்லை வணக்கத்துக்கே விட்டுவைப்பது நன்று. நாளில் எட்டு மணி நேரத்துக்குள் உண்டு முடித்து, எஞ்சிய பதினாறு மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வளிப்பது ஒரு முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் உணவைக் குறைப்பது இன்னொன்று. வாரத்தில் இரு நாட்கள் மட்டும் மிகக் குறைவாக உண்பது மற்றொன்று. இந்த மூன்றாவது முறையை 2012இல் பி.பி.சி. தொலைக்காட்சி வழியாக மைக்கேல் மோஸ்லி பரப்பினார். 2016இல் ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு நோபல் பரிசு கிடைத்ததும் மோகம் மேலும் வளர்ந்தது. உயிரணுக்கள் தமக்குள் தேய்ந்துபோன பகுதிகளைத் தாமே சிதைத்து மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும் முறையை அவர் ஆராய்ந்தார். ஆனால் அவருடைய முதன்மையான ஆய்வுகள் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரில் செய்யப்பட்டவை. காலை இட்லியை விட்டவருக்கு நோய் நீங்கும் என்று அப்பரிசு சான்று வழங்கவில்லை.

உண்ணாதபோது உடலில் நடப்பது என்ன? உணவு உண்டதும் இன்சுலின் சுரக்கிறது. சர்க்கரையின் ஒரு பகுதி ஈரலில் சேமிக்கப்படுகிறது. அச்சேமிப்பு ஏறத்தாழ 100 கிராம். உணவு நின்ற பிறகு ஈரல் அதனைச் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் செல்லச் செல்ல, உடல் மேலும் மேலும் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. நலமுள்ளவர் ஒரு வேளை உண்ணாததால் விழுந்துவிடாமல் இருப்பது இந்த ஏற்பாட்டினால்தான்.

இதனால் எடை குறைகிறதா? 2019இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' 13 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டது. காலை உணவை விட்டவர்கள் அதை உண்டவர்களைவிடச் சராசரியாக 0.44 கிலோ மட்டுமே எடை குறைந்திருந்தனர். காலை உணவு உண்டவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 260 கலோரி கூடுதலாக உண்டனர். ஆக, காலையில் உண்ணாவிட்டால் உடல் பருத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. காலையில் உண்ணாவிட்டால் உடல் இளைத்துவிடும் என்ற ஆசைக்கும் பெரிய ஆதாரமில்லை.

2020இல் அமெரிக்காவில் 116 பேரைக் கொண்டு 12 வாரம் நடந்த ஆய்வில், நண்பகல் முதல் இரவு எட்டு மணி வரை மட்டும் உண்டவர்களுக்கும் மூன்று வேளையும் உண்டவர்களுக்கும் எடைக்குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பட்டினியிருந்தோரில் குறைந்த எடையின் ஒரு பகுதி தசையிலிருந்து போயிருந்தது என்பது கவலைக்குரியது. சீனாவின் குவாங்சௌ நகரில் 139 பேரிடம் ஓராண்டு நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், உணவின் அளவைக் குறைத்தவர்கள் 6.3 கிலோவும், அளவோடு நேரத்தையும் குறுக்கியவர்கள் 8 கிலோவும் இழந்தனர். இவ்வேறுபாடு புள்ளியியல் கணக்கில் உறுதிப்படவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பட்டினி இருக்கும் முறையை 100 பேரிடம் ஓராண்டு சோதித்து 2017இல் வெளியிட்ட சிகாகோ ஆய்வும், அன்றாடம் அளவோடு உண்பதைவிட அது மேலானதாயில்லை என்றே கண்டது.

இவற்றின் சாரம் ஒன்றே. பலன் தருவது பெரும்பாலும் குறைவாக உண்பதுதான். கடிகாரம் அதற்கு ஒரு துணைக்கருவி. வயிற்றை மூன்றாகப் பிரித்து, உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் இடம் விடுமாறு நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழி நமக்குப் புதிதன்று.

எந்த வேளையை விடுவது?

ஒரு வேளையை விட்டுத்தான் ஆகவேண்டும் என்பவர்கூட, விட வேண்டியது காலை உணவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இன்சுலின் பொதுவாகக் காலையில் நன்றாக வேலை செய்கிறது, இரவில் மந்தமாகிறது. 2018இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்ற எட்டு ஆண்கள் பிற்பகல் மூன்று மணிக்குள் அன்றைய உணவை முடித்துக்கொண்டனர். ஐந்து வாரங்களில் எடை குறையாமலேயே இன்சுலினின் செயல்திறன் கூடியது; இரத்த அழுத்தமும் தணிந்தது. எட்டுப் பேரைக் கொண்டு உலகுக்கே விதி வகுக்க இயலாது. ஆயினும் அது காட்டும் திசை கவனிக்கத்தக்கது.

நம் ஊர்களில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. கடையை இரவு பத்து மணிக்கு அடைத்து, பதினொரு மணிக்குப் புரோட்டாவும் சால்னாவும் உண்டு, உடனே படுக்கை. காலையில் பசியில்லை, அதற்கு 'இடைவேளைப் பட்டினி' என்று பெயர்! இஷாத் தொழுகைக்கு முன்பே இரவு உணவை முடித்துவிட்டு, சுப்ஹுக்குப் பின் அளவாகப் பசியாறினால், பன்னிரண்டு மணி நேர ஓய்வு வயிற்றுக்குத் தானே கிடைக்கும். நலமுள்ளவர் எவரும் செலவின்றிச் செய்யக்கூடியது இது.

வளரும் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுடைய உடல் வளர வேண்டியது, சேமிப்பும் குறைவு. பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்பது ஆசிரியர் எவருக்கும் தெரியும். தமிழக அரசு 15.09.2022 அன்று மதுரையில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியதும் இது கருதியே. பெரியவர்களின் எடைக்குறைப்பு ஆசையைப் பிள்ளைகளின் தட்டில் காட்டலாகாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், மெலிந்த முதியோர் ஆகியோருக்கும் இம்முறை ஏற்றதன்று.

அந்தச் சகோதரிக்கு விடை

நீரிழிவுக்கான மாத்திரைகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. மெட்ஃபார்மின் தனியாக உண்ணப்படும்போது சர்க்கரையை அபாயமான அளவுக்குத் தாழ்த்துவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவையோ, நாம் உண்டாலும் உண்ணாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கத் தூண்டுபவை. இன்சுலின் ஊசியும் அவ்வாறே. வயிறு வெறுமையாயிருப்பதை அது அறியாது. இவற்றை எடுத்துக்கொண்டு உணவை விட்டால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். கவனியாவிட்டால் மயக்கமும் உயிராபத்தும் நேரும். உங்கள் கணவருக்கு இருமுறை நேர்ந்தது இதுவாகவே இருக்கக்கூடும்.

அவ்வேளையில் மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்து உடனே குடிக்கச் செய்யுங்கள். கால்மணி நேரம் கழித்துச் சர்க்கரையைச் சோதியுங்கள். 70க்குக் கீழேயே இருந்தால் மீண்டும் கொடுங்கள். தெளிந்தபின் உணவு உண்ணட்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். மாத்திரை உண்டுவிட்டுப் பட்டினி கிடப்பது ஆபத்து. பட்டினி கிடப்பதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்துவதும் ஆபத்து. நாளையே மாத்திரைச் சீட்டோடு மருத்துவரிடம் செல்லட்டும். உண்ணும் நேரத்தை மாற்ற விரும்பினால், மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றுவது மருத்துவரின் பொறுப்பு.

"நோன்பு நோற்பவர்கள்தானே நாம்" என்ற அவருடைய வாதத்துக்கும் விடையுண்டு. 13 நாடுகளில் நீரிழிவுள்ள 12,000க்கும் அதிகமான முஸ்லிம்களிடம் 2001இல் நடத்தப்பெற்று 2004இல் வெளியான ஆய்வு ஒன்றுண்டு. பெரியவர்களுக்குப் பொதுவாக வரும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில், சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்த நிகழ்வுகள் மற்ற மாதங்களில் 100 பேருக்கு 0.4 என்றிருந்தது, ரமளானில் 3 ஆக உயர்ந்தது. சர்க்கரை கடுமையாகக் கூடிய நிகழ்வுகளும் 1 என்பதிலிருந்து 5 ஆயின. பகலில் தாழ்வு, இஃப்தாருக்குப் பின் சமோசாவாலும் சர்பத்தாலும் உயர்வு!

இதனாலேயே நோன்புக்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளுமாறு வல்லுநர்கள் வற்புறுத்துகின்றனர். நோன்பின்போது சர்க்கரை 70க்குக் கீழே சென்றாலும் 300க்கு மேலே சென்றாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் வகுத்த வரம்பு. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்களும் கூறியிருக்கின்றனர்.

நோயாளிக்கும் பயணிக்கும் விலக்களித்த பின்பே நோன்பு நம்மீது கடமையாக்கப்பட்டிருக்கிறது. ஸஹர் உணவை விடாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஊக்கியுள்ளார்கள். இஃப்தாரைத் தாமதிக்காதிருக்கப் பணித்துள்ளார்கள். இரவும் பகலும் உண்ணாது தொடர் நோன்பிருப்பதைத் தடுத்துள்ளார்கள். உங்கள் உடலுக்கும் உங்கள்மீது உரிமை உண்டு என்று ஒரு தோழருக்கு நினைவூட்டியுள்ளார்கள். கைப்பேசியில் கேட்ட பட்டினியில் இத்தகைய வரம்பு எதையும் காணோம். வணக்கத்திலேயே நோயாளிக்குச் சலுகை இருக்க, எடைக்குறைப்புக்காக நோயாளி உயிரைப் பணயம் வைப்பது எவ்வாறு சரியாகும்?

இல்லத்தில் ஒரு பட்டினி

இறுதியாக, எந்த ஆய்விலும் எண்ணப்படாத ஒரு பட்டினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுப்ஹுக்கு முன்பே எழுந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கணவரைக் கடைக்கு அனுப்பி, மாமியாருக்கு ஆப்பம் சுட்டுக் கொடுத்து, பதினொரு மணிக்கு ஆறிப்போன மிச்சத்தை உண்ணும் தாய்மார்கள் நம் இல்லங்களில் ஏராளம். அவர்களில் பலருக்கும் நீரிழிவுண்டு, மாத்திரையும் உண்டு. ஆனால் மாத்திரைக்கும் உணவுக்கும் இடையே நாழிகைகள் கழிந்துவிடுகின்றன. அடுக்களையில் ஒரு பெண்ணுக்குத் தலைசுற்றினால், அது வேலைக் களைப்பு என்றே கருதிவிடுகிறோம்.

நாளைக் காலை முதல், மாத்திரை உண்ணும் பெண்மணி வீட்டில் இருந்தால், அவருக்கு உரிய வேளையில் அவர் பசியாறுமாறு மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆண்மக்கள் தங்கள் தட்டைத் தாங்களே எடுத்துவைத்துக்கொண்டால் பத்து நிமிடம் மிச்சமாகும். தாம் உண்டு முடித்தபின் பிறருக்குப் பரிமாறுவதில் அவருக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.